பெரட்டும் கணினியும்



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெயர்கள் வரிசையாக அழைக்கப்படும். வந்தவர் குரல் கொடுப்பர்.

பல கணினிகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்ய உதவும் ஓப்பன் எம்பிஐ நிரல்தொகுப்பும் இவ்வாறே இயங்குகிறது. செய்தி வந்துள்ளதா என அறிய, தன்னிடம் பதிந்துள்ள செயற்கூறுகளை மீண்டும் மீண்டும் வரிசையாக அழைக்கிறது. முதன்மை குறைந்தவற்றை 8 சுற்றுக்கு ஒருமுறையே அழைக்கிறது. அடிக்கடி அழைத்தால் கணக்கிட நேரம் குறையும். அரிதாக அழைத்தால் வந்த செய்தி காத்துக் கிடக்கும்.

இச்செயலின் ஆங்கிலப் பெயரை அகராதிவழி ‘வாக்கெடுப்பு’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். இங்கு எவரும் வாக்களிப்பதில்லை. ‘பெரட்டு’ என்றே வழங்கலாம் என முன்மொழிகிறோம். தோட்டங்கள் குறைந்துவரும் இந்நாளில், அவற்றோடு அச்சொல்லும் மறையாதிருக்க இதுவும் ஒரு வழி.