மணி அடித்தால் எடுக்க வேண்டும்

(அளவெட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்குள்ள நம் சங்க அலுவலகத்துக்குப் பல இணைப்புத் தொலைபேசி வருகிறது. பழைய வயரைக் கழற்றிப் புதிதாக இழுக்கப் போகிறோம். யாருக்காக?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கே வந்த குடும்பங்களுக்காக. விட்டு வந்த தோட்டத்தில் சேர்ந்த சேமலாப நிதியை விசாரிக்க ஒரு முதியவர் எடுப்பார். தொழிலாளி 8 வீதம், நிர்வாகம் 12 வீதம் கட்ட வேண்டுமென்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அது அவருடைய பணம். தோட்டத்தில் அக்காவுக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று தங்கை எடுப்பாள். இரண்டு தடவை லைன் கிடைக்காவிட்டால் மூன்றாம் தடவை எடுக்க மாட்டார்கள்.

ஆகவே, வெளியே கொடுப்பது ஒரே இலக்கமாக இருக்கட்டும். ஓர் இணைப்பில் பேச்சு நடந்தால் அழைப்பு அடுத்ததற்குத் தானாகப் போக வேண்டும். கரண்ட் போனால் பெட்டி நின்றுவிடும். பற்றரி வையுங்கள், ஒரு போனைப் பெட்டிக்குள் விடாமல் நேரடி லைனிலேயே வையுங்கள். மின்சார வயரோடு ஒரே குழாயில் போன் வயரை இழுக்க விடாதீர்கள்; இரைச்சல் வரும், ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் இலக்கம் எழுதுங்கள்.

போன் பக்கத்தில் ஒரு கொப்பி: பெயர், தோட்டம், டிவிசன், முறைப்பாடு, என்ன பதில் சொன்னோம்.

வயர்க்காரர் வேலை முடிந்ததும் போய்விடுவார். மணி அடித்தால் எடுப்பது நம் வேலை. சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.