பழைய ப்ரீ ஆம்ப்ளிஃபயர் வாங்கும்முன் பின்பக்கம் பாருங்கள்
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் வீட்டுப் பரணில் ரிக்கார்டு பிளேயரும், டம் டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டுகளும் தூங்குகின்றன. அவற்றை மறுபடி பாட வைக்க, "செகண்ட் ஹேண்டில் எந்த ப்ரீ ஆம்ப் வாங்கலாம்?" என்று சிலர் கேட்டீர்கள். கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில், அது என்ன செய்கிறது? சாதாரண ரிக்கார்டு ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட் வரை, அதாவது 400 மடங்கு. ஊசியின் அந்தச் சின்னக் குரலை ப்ரீ ஆம்ப் உயர்த்துகிறது. தட்டில் அடிநாதத்தைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதையும் திருப்பிச் சரிசெய்கிறது.

ஆகவே, பணத்தை எடுக்கும்முன் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் பாருங்கள். 'ஃபோனோ' என்ற துளை இருந்தால் இந்த வேலை உள்ளேயே நடக்கிறது. ஒன்றும் வாங்க வேண்டாம். இல்லையென்றால் சிறிய ஃபோனோ ப்ரீ ஆம்ப் போதும். பவர் ஆம்ப் தனியாக வைத்திருப்பவர்களுக்குத்தான் முழு ப்ரீ ஆம்ப் தேவை.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜப்பான் ப்ரீ ஆம்பை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடி போல் மின்னியது. வீட்டில் பிளக்கைச் சொருகினேன். விளக்கு எரிந்தது, பிறகு புகை வந்தது. பின்பக்கத் தகட்டில் '100 வோல்ட்' என்றிருந்தது. நம் கரண்ட் 230. வங்கியில் காசோலையைப் பின்பக்கம் திருப்பாமல் நான் பணம் கொடுத்ததே இல்லை. அன்று திருப்பவில்லை. பணம் போனது போகட்டும். பக்கத்தில் திரைச்சீலை, தரையில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையானாலும், சென்னை ரிச்சி தெருவானாலும், இவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள்:

ஒன்று, வோல்ட் தகடு. ஜப்பான் 100, அமெரிக்கா 120. தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகக் கூடாது. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் செட்டுகள் பெரும்பாலும் 220 வோல்ட், நமக்கு ஒத்துவரும். 110/220 மாற்றும் திருகு இருந்தால், அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். பழைய ஐரோப்பிய செட்டுகளில், 1967இல் வந்த குவாட் 33 உட்பட, வட்டமான டின் சாக்கெட்தான் இருக்கும். அதற்கேற்ற கேபிள் தேவை.

இரண்டு, வால்யூம் குமிழ். மெதுவாகத் திருகுங்கள். கரகரத்தால், கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகும். கடல் காற்றில் இது சகஜம். ஒரு பக்கம் அடியோடு மௌனமானால் யோசியுங்கள்.

மூன்று, அரை மணி நேரம் ஓட விடுங்கள். எல்லா இன்புட்டிலும், இரு பக்கமும் பாட வேண்டும். விடாமல் 'ம்ம்' என்று உறுமினால், ரிக்கார்டு பிளேயரின் எர்த் ஒயரை அதற்கான திருகில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் உள்ளே கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிர் காப்பது.

நான்கு, பாட்டில்லாதபோது அவுட்புட்டில் மல்டிமீட்டர் வைத்து டி.சி. பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் வேண்டாம், ஸ்பீக்கரையே எரித்துவிடக்கூடும்.

ஐந்து, கணக்கு. விலையோடு ரிப்பேர் செலவையும் கூட்டுங்கள். புதியதன் விலையைத் தொட்டால் புதியதே மேல்.

மல்டிமீட்டர் என் வீட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் போங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். பாட ஆரம்பித்தபின் ஒன்றே ஒன்று: நமக்குச் சுவர் பொது. இரவு பத்துக்கு மேல் குமிழைக் குறைத்துவிடுங்கள்.