காருக்குள் கச்சேரி

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடிய தலம் திருத்தணிகை என்பர். அம்மலைமேல் காரில் ஏறுங்கால் அக்கீர்த்தனையைக் கேட்டால், பாடகர் வலப்புறக் கதவில் ஒட்டிக்கொண்டு பாடுவதுபோல் ஓட்டுநருக்குத் தோன்றும். நம் நாட்டில் அவர் வலப்புறம் அமர்பவர் அல்லவா? ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். இடப்புற ஒலிபெருக்கி 68 சென்டிமீட்டர் அதிகத் தொலைவில் இருப்பின், அதன் ஓசை நொடியின் ஆயிரத்தில் இரு பங்கு பிந்தி வரும். முந்தி வரும் ஓசையின் திசையையே செவி நம்பும். ஆகவே வலப்புற ஓசையை அதே அளவு தாமதப்படுத்துதல் வேண்டும். இக்காலக் கருவிகள் பலவற்றில் அதற்கு வழியுண்டு. பாடகர் கண்ணெதிரே வந்தமர்வார். (இடப்புறம் இருப்பவர் பாடு வேறு!) பலரோ இதை விடுத்து ஒலியளவைக் கூட்டுகின்றனர். கதவுத் தகடு அதிரும், தம்பூரா மறையும், மலை வளைவில் எதிர்வரும் பேருந்தின் ஹாரனும் செவியில் விழாது.