கடை தேக்காவில், கணக்கு மேகத்தில்

சிராங்கூன் சாலையில் காலையில் கடை திறந்ததும் முதலில் நடப்பவை இரண்டு. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது ஒன்று. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியை முடுக்கிவிடுவது மற்றொன்று. அந்தக் கணினிக்குள்தான் விலைப்பட்டியல், சரக்கிருப்பு, கடன் சொல்லிப் போன வாடிக்கையாளரின் பெயர், இந்தியாவிலிருந்து சரக்கு அனுப்பியவருக்குத் தர வேண்டிய பாக்கி, ஊழியர் சம்பளம், பொருள் சேவை வரிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. நகைக்கடை என்றால், தாலிச் சங்கிலிக்கு முன்பணம் கொடுத்தவர்களின் விவரமும் அதில்தான். கடைச் சரக்குக்குக் காப்புறுதி எடுத்தவர்கள் உண்டு. கணக்குக்குக் காப்பு என்ன என்று கேட்டால், பலரும் இழுப்பறையைத் திறந்து ஒரு தம்ப் டிரைவைக் காட்டுவார்கள். கணினி இருக்கும் அதே மேசை, அதே இழுப்பறை. தீயோ திருடனோ வந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள்.

வணிகக் கணக்குகளையும் ரசீதுகளையும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. கணக்கை இழப்பவர்கள் வரவேண்டிய பணத்தை மட்டுமல்ல, சட்டத்துக்குக் காட்ட வேண்டிய சான்றையும் இழக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து வட்டித் தொழில் செய்த செட்டியார் முகவர்கள், பேரேட்டை இங்கே எழுதினாலும், கணக்கு விவரங்களைச் செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்குத் தவறாமல் அனுப்பினார்கள். முகவரைக் கண்காணிப்பதுதான் அதன் முதல் நோக்கம். ஆனால் சிங்கப்பூரில் ஏதாவது நேர்ந்தாலும் கடல் தாண்டி ஒரு கணக்கு இருக்கும் என்பது கூடவே கிடைத்த நன்மை. அன்று கப்பல் தபால் செய்ததை இன்று சில புதிய நிறுவனங்கள் இணையத்தின் வழியாகச் செய்து தருகின்றன. அவை எப்படிச் செய்கின்றன, எதற்குக் காசு வாங்குகின்றன, எந்த இடத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு என்பது கடைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காப்புப் பிரதிச் சேவை விற்கும் இளம் நிறுவனங்களில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு வட்டுகூடக் கிடையாது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எவ்வளவு தகவலை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். வைத்த அளவுக்கு மாத வாடகை. 2010ஆம் ஆண்டு அமேசான் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் முதல் கிளவுட் தளத்தைத் திறந்தது சிங்கப்பூரில்தான். தேக்காவில் முழுக் கடையை ஒருவர் வாடகைக்கு எடுத்து, முன்பக்கத்தைப் பூக்கடைக்கும் ஓரத்தைக் கைப்பேசி அட்டை விற்பவருக்கும் உள்வாடகைக்கு விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரம் சுலபமாக விளங்கும். இடம் அமேசானுடையது. அதை எடுத்து, பூட்டும் சாவியும் காவலும் சேர்த்துக் கடைக்காரருக்கு விடுவது இளம் நிறுவனம்.

இந்த வழியில் பெரிதாக வளர்ந்த நிறுவனத்துக்கு உதாரணம் துருவா. 2008ஆம் ஆண்டு புனேயில் ஜஸ்பிரீத் சிங், மிலிந்த் போராடே, ரமணி கோதண்டராமன் ஆகிய மூவர் தொடங்கியது. பேரிடர் நேர்ந்தால் நிதி நிறுவனங்களின் தகவலை மீட்டுத் தரும் மென்பொருள்தான் அவர்களின் முதல் முயற்சி. பிறகு, ஊழியர்களின் மடிக்கணினிகளில் சிதறிக் கிடக்கும் தகவலைப் பாதுகாப்பதற்குத் திரும்பினார்கள். ஒரு நிறுவனத்தின் முக்கியக் கோப்புகளில் பாதி அலுவலகச் சர்வரில் இருப்பதில்லை, விற்பனையாளரின் பையில் இருக்கும் மடிக்கணினியில்தான் இருக்கின்றன என்பதைச் சரியான நேரத்தில் கண்டுகொண்டார்கள். சேவை முழுவதையும் அமேசான் கிளவுட் மீதே கட்டினார்கள். 2019இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது; 2021இல் 200 கோடியைத் தாண்டியது. சொந்தமாகப் பெரிய கிடங்கு கட்டாமலே கிடங்குத் தொழிலில் இவ்வளவு தூரம் வந்தது சாதாரணமல்ல. சென்னையில் சேகர் வேம்பு தொடங்கிய வேம்பு டெக்னாலஜிஸ் நிறுவனமும் இதே துறையில் ஸ்டோர்கிரிட் என்ற மென்பொருளோடு புகழ்பெற்றது. அது நேரே கடைக்காரரைத் தேடிப் போகாமல், சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரித்துத் தரும் நிறுவனங்களுக்கு மென்பொருளை விற்று, அவர்கள் வழியாகப் போயிற்று.

சரி, வாடகை இடத்தை உள்வாடகைக்கு விடுவதில் அப்படி என்ன தொழில்நுட்பம் இருக்கிறது? இங்கேதான் சூட்சுமம். கடைக்கணினியில் 200 கிகாபைட் தகவல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் முழுவதையும் அனுப்பினால் இணைப்பு திணறும், வாடகையும் ஏறும். எனவே மென்பொருள் முதல் தடவை மட்டும் எல்லாவற்றையும் அனுப்பும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்பையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தத் துண்டை விட்டுவிடும். மாறியிருந்தால் மட்டும் பூட்டிட்டு அனுப்பும். ஒரே விலைப்பட்டியல் இருபது ஊழியர்களின் கணினிகளில் இருந்தால், இருபது தடவை சேமிக்காது. ஒரு தடவை சேமித்துவிட்டு, மற்ற பத்தொன்பது பேருக்கும் அதையே சுட்டிக்காட்டும். நாளொன்றுக்கு மாறுவது சில நூறு மெகாபைட்தான் என்றால் இரவு உணவு முடிவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அமேசானின் சிங்கப்பூர் தளத்தில் ஒரு கிகாபைட்டுக்கு மாத வாடகை சாதாரண வகையில் ஏறக்குறைய இரண்டரை அமெரிக்கக் காசு. 200 கிகாபைட்டுக்கு ஐந்து டாலர். அப்படியானால் சேவை நிறுவனம் அதைவிட அதிகம் கேட்பது ஏன் என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயம். கட்டணத்தின் பெரும்பகுதி இடத்துக்கு அல்ல. மென்பொருளுக்கும், இரவில் பிரதி எடுபடாமல் போனால் காலையில் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் ஆளுக்கும். அந்த அழைப்பு வராத சேவைக்கு ஐந்து டாலரே அதிகம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளவுடுக்குள் தகவலை அனுப்ப அமேசான் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே எடுக்கத்தான் வாங்குகிறது. மீட்கும் நாளில் அந்தச் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

பரவலாக இருக்கும் ஒரு மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கூகல் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ கோப்புகளைப் போட்டுவிட்டு, காப்புப் பிரதி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அவை ஒத்திசைவுச் சேவைகள். கடையில் உள்ள கோப்பு மாறினால் அங்கேயும் மாறும். பகுதிநேர ஊழியர் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். அழித்த கோப்பைச் சில வாரங்கள் குப்பைத்தொட்டியில் வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் போன ஆண்டு தீபாவளிக் கணக்கு காணாமல் போனது இந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் தெரியவரும் என்றால் அது உதவாது. கண்ணாடியில் தெரியும் முகம் வேறு, எடுத்து வைத்த புகைப்படம் வேறு. காப்புப் பிரதி என்பது தேதி போட்ட புகைப்படங்களின் அடுக்கு.

பிணைப்பணம் கேட்கும் தீநிரல்கள் பெருகிய பிறகு இந்த வேறுபாடு உயிர்நாடியாகிவிட்டது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்ட இத்தகைய தாக்குதல்கள் 2020இல் 89, 2021இல் 137, 2022இலும் 2023இலும் தலா 132. புகார் செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 2021 ஆகஸ்ட் மாதம் இங்குள்ள தனியார் கண் மருந்தகம் ஒன்று இதற்கு ஆளாகி, ஏறத்தாழ 73,500 நோயாளிகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. தீநிரல் உள்ளே வந்ததும் முதலில் தேடுவது காப்புப் பிரதியைத்தான். அதை அழித்துவிட்டால் பேரம் பேசுவது எளிது.

கிளவுடில் வைத்தால் கை எட்டாது என்று நினைப்பவர்களுக்கு 2014 ஜூன் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுவோரின் வேலைகளைப் பத்திரப்படுத்திக் கொடுத்துவந்தது. அமேசான் கிளவுட் மீதுதான் எல்லாம் நடந்தது. ஒருவன் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டான். உரிமையாளர்கள் கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது, கண்ணில் பட்டதை எல்லாம் அழிக்க ஆரம்பித்தான். மூலத் தகவலும் போயிற்று, காப்புப் பிரதிகளில் பெரும்பாலானவையும் போயின. 12 மணி நேரத்தில் நிறுவனம் முடிந்தது. கடையை மூடுவதாக அறிவித்தார்கள். அமேசானின் சேமிப்புச் சேவையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கும் பெட்டகத்துக்கும் ஒரே சாவி வைத்திருந்ததுதான் வினை.

நல்ல காப்புப் பிரதிச் சேவையின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. பிரதிகள் கடைக்காரரின் கணக்கில் இல்லாமல் சேவை நிறுவனத்தின் தனிக் கணக்கில் இருக்கும். கடைக்காரரின் கடவுச்சொல் திருடுபோனாலும் அங்கே செல்லாது. அதோடு, ஒரு தடவை எழுதிய பிரதியைக் குறித்த நாள்வரை எவராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியை அமேசான் 2018 முதல் தருகிறது. சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பூட்டு போட்டிருக்கிறீர்களா, எத்தனை நாளுக்கு என்பதே.

இரண்டாவது கேள்வி இடத்தைப் பற்றியது. மேகம் என்று பெயர் வைத்தாலும் அது தரையில்தான் இருக்கிறது, தீயும் பிடிக்கும். 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங் பகுதியில் உள்ள டிஜிட்டல் ரியால்ட்டி தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. குடிமைத் தற்காப்புப் படையினர் ஒரு நாளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. அங்கே இருந்த அலிபாபா கிளவுட் சேவையின் ஒரு பிரிவு முடங்கியது, லசாடா தடைப்பட்டது. எஸ்3 போன்ற சேவைகள் சாதாரண வகையில் ஒரே தகவலைக் குறைந்தது மூன்று தனித்தனி வளாகத் தொகுதிகளில் வைப்பதால் ஒரு கட்டடம் எரிந்தாலும் தகவல் தப்பும். ஆனால் மலிவுக்காக ஒரே வளாகத்தில் வைக்கும் வகையும் விற்பனையில் உண்டு. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், விலை குறைவாக இருக்கும். தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பரில் அரசாங்கத் தரவு நிலையம் எரிந்தபோது, அதிகாரிகள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் தகவல் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி வைக்கவில்லையாம்!

வெளிநாட்டுத் தளத்தில் பிரதி வைப்பதும் நல்லதே. ஆனால் வாடிக்கையாளரின் பெயர், அடையாள எண் போன்றவை அதில் இருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். இங்குள்ள அளவுக்கு அங்கேயும் பாதுகாப்பு இருப்பதை உறுதிசெய்ய வேண்டியது கடைக்காரரின் கடமை.

சேவை நிறுவனமே மூடிவிட்டால்? அமெரிக்காவின் நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் தொழிலை மூடுவதாக அறிவித்து, தகவலை எடுத்துக்கொண்டு போக வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வாரம் கொடுத்தது. பிறகு அக்டோபர் நடுப்பகுதிவரை நீட்டித்தது. பெருந்தொகுதியாக வைத்திருந்தவர்கள் இணைய இணைப்பின் வேகத்தை நொந்துகொண்டார்கள். இளம் நிறுவனங்களில் தோல்வி சகஜம். கடையில் ஒரு பிரதி, வேறொரு வட்டில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்ற பழைய முறையை விட்டுவிடக் கூடாது என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான்.

தகவல் தொலைவதன் வலி வியாபாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி மொபைல் கார்டியன் என்ற சாதன நிர்வாகச் செயலி ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை அகற்றியது. தேர்வு நேரத்தில் குறிப்புகளை இழந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் காப்புப் பிரதி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

மீட்கும் வேலையை ஒத்திகை பார்க்காத பிரதி இருந்தும் இல்லாதது போலத்தான். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு ரசீதைத் தேர்ந்தெடுத்து, கடைக்கணினி அல்லாத வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். முழுவதையும் மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் கணக்குப் பார்க்கக்கூடியதே. 500 கிகாபைட் தகவல், விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இறங்கக் குறைந்தது 11 மணி நேரம் பிடிக்கும். ஒரு கிகாபிட் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் இந்த வித்தியாசம் எத்தனை வெள்ளி என்பதைக் கடைக்காரரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக, சாவி. சில நிறுவனங்கள் பூட்டுக்கான சாவியைத் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை, வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுகின்றன. தகவலைச் சேவை நிறுவன ஊழியர்கூடப் படிக்க முடியாது என்பது அதன் பெருமை. சாவி தொலைந்தால் அவர்களாலும் திறக்க முடியாது என்பது அதன் மறுபக்கம். அந்த நீண்ட எழுத்துக் கோவையைப் பூட்டிய கணினிக்குள்ளேயே சேமித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்பதைத் தொழிலில் பங்குள்ள இன்னொருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.