குழந்தைச் சாவும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைச் சாவைப் பற்றியதாகும். நம் ஜனங்களில் ஒரு வீட்டில் பிறந்த குழந்தை ஒரு வருஷத்திற்குள் இறந்துபோனால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சமாதானம்தான் சொல்லுகிறார்கள். “அதன் விதி அவ்வளவுதான், கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்” என்கிறார்கள். இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், தாயின் ஜாதகத்தின் மேலும், அவள் முன்ஜென்மத்தில் செய்த பாவத்தின் மேலும் பழியைப் போடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து அழுகின்ற ஒருத்தியைப் பார்த்து, “நீயே பாவி” என்று சொல்லும் இந்தச் சமாதானத்தைவிடக் கொடுமையான காரியம் வேறொன்று உண்டா என்று கேட்கின்றோம்.

விதி என்பது மெய்யாயிருந்தால் அது ஏழை, பணக்காரன் என்று பார்க்கக்கூடாதல்லவா? அமெரிக்காவிலே ஜான்ஸ்டவுன் என்று ஓர் இரும்பாலை நகரம் உண்டு. 1912-ல் அந்நாட்டு சர்க்கார் குழந்தைகளின் நலத்திற்கென்று ஓர் இலாகாவை ஏற்படுத்தி, ஜூலியா லாத்ராப் என்ற அம்மையாரை அதற்குத் தலைமையாக வைத்தார்கள். அந்த இலாகா முதல் வேலையாக 1913-ல் ஜான்ஸ்டவுனில் வீடு வீடாய் ஆட்களை அனுப்பி, 1911-ல் பிறந்த குழந்தைகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை இறந்தன என்று விசாரித்தது. கண்டது என்ன? தகப்பன் வருஷத்திற்கு 521 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்த வீடுகளில், பிறந்த 1000 குழந்தைகளுக்கு 256 இறந்தன. 1200 டாலரும் அதற்கு மேலும் சம்பாதித்த வீடுகளில் 1000-க்கு 84 தான். விதியை எழுதுகிறவன் தகப்பனுடைய கூலிக் கணக்கைப் பார்த்துக்கொண்டா எழுதினான்? நெருக்கமான வீடும், சாக்கடையும், அரை வயிற்றுக் கஞ்சியும் செய்த கொலையை அல்லவா நாம் விதி என்கிறோம்?

“அது அமெரிக்கா; நம் நாட்டுச் சங்கதி வேறு” என்று வைதிகர்கள் சொல்லக்கூடும். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுவோம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்பது காடும் வறுமையும் நிறைந்த ஜில்லா. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதிகள் 39 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை, யாகம் செய்யவில்லை. கொஞ்சம் படித்த கிராமத்துப் பெண்களையே பொறுக்கி எடுத்துப் பழக்கினார்கள். அவர்கள் பிள்ளை பிறந்த வீட்டிற்குப் போய், மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு வரச் செய்தார்கள், குளிராமல் போர்த்தினார்கள், உடனே தாய்ப்பால் கொடுக்கச் செய்தார்கள், சீழ்க்காய்ச்சல் கண்டால் ஊசி மருந்து போட்டார்கள். பக்கத்தில் 47 கிராமங்களில் இந்த ஏற்பாடு இல்லை. 1999-ல் வெளியான முடிவு யாதெனில், மூன்றாம் வருஷத்தில், பிறந்து ஒரு மாதத்திற்குள் சாகும் குழந்தைகள் அந்த 47 கிராமங்களில் 1000-க்குச் சுமார் 60. இந்த 39 கிராமங்களிலோ சுமார் 26 என்பதாகும்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் அதே சாமிகள், அதே நட்சத்திரங்கள், அதே அமாவாசை. பழக்கப்பட்ட ஒரு பெண்ணின் கை பட்டவுடன் பிரம்மாவின் எழுத்து அழிந்துபோகுமானால், அது என்ன எழுத்து? பிற்பாடு 2011 முதல் சர்க்காரே இம்மாதிரி வீட்டிற்குப் போய்ப் பார்க்கும் வேலையை ஆஷா ஊழியர்களிடம் ஒப்படைத்தது.

கொடி அறுத்த தொப்புளில் சாணியும் சாம்பலும் அப்பி, ஏழெட்டு நாளில் பிள்ளை விறைத்துச் செத்தால் “பேய் அடித்தது” என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. அது இரண ஜன்னி. கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, சுத்தமான கத்தியால் கொடி அறுக்கச் செய்ததன் பலனாக, அந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. எந்த மந்திரவாதி செய்தான் இதை?

ஆனால், வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். 2020-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி, ஒரு வயதிற்குள் இறந்த குழந்தைகள் 1000-க்குக் கேரளத்தில் 6; தமிழ்நாட்டில் 13; மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே தேசம், ஒரே சட்டம்; ஏன் இந்த வித்தியாசம்? பெண்களுக்குப் படிப்பும், கிட்டத்தில் ஆஸ்பத்திரியும், வயிற்றுக்குச் சோறும் கிடைத்த இடத்தில் பிள்ளை பிழைக்கிறது. கிடைக்காத இடத்தில் சாகிறது. இதைக் கேட்காமல் சோதிடனைக் கேட்பது சர்க்காரின் பொறுப்பையும் தட்டிக் கழிக்க உதவுவதேயாகும்.

ஆகவே, தாய்மார்களே! சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சி எறியாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்திற்குள் கொடுங்கள். சேனை தொட்டு வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆண்களே! பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணைத் தாயாக்காதீர்கள்.

இனி ஒரு குழந்தை இறந்த வீட்டிற்குப் போனால் “விதி” என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், “எதனால் இறந்தது? அடுத்ததைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.