இருக்கும் நூலை இல்லை என்னும் பட்டியல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'வட்டக் கவிஞர்களின் பத்தாண்டுப் படைப்புகள்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பணியை நான் நிறைவேற்றப் போவதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். உரைக்கு வேண்டிய தொகுப்புகளைத் திரட்ட எங்கள் கல்லூரி நூலகத்துக்குச் சென்றேன். கணினித் திரையில் தேடியபோது நம்மவர் நூல்கள் இரண்டே கிடைத்தன. அங்கு உதவியாளராகப் பணியாற்றும் அம்மையார் ஒருவர் என் கையிலிருந்த பெயர்த் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே சென்று, பதினொரு நூல்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். திரையில் இரண்டு, மேசையில் பதினொன்று. இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதே இப்போது என் கடமை எனத் தோன்றியது. கவிதைகளின் நயத்தை எடுத்துரைக்க என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் உள்ளனர்.

அவ்வம்மையார் தம் பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டார். மாணவியர் அவரை 'அக்கா' என்பர். நான் 'அம்மா' என்பேன். அவரும் என்னை 'அம்மா' என்றே அழைப்பார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நாட்கூலியாகச் சேர்ந்து, நூல்களைத் தூசு தட்டி அடுக்கி, பின்னர் உதவியாளர் ஆனவர். முப்பதாண்டுகளாக அதே அலமாரிகளுக்கு இடையே நடப்பவர். மர இழுப்பறைகளில் அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில், அட்டையைப் பாராமலே நூலை எடுத்துத் தருவார். பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாக நான் செய்த முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டிய நூல்களில் பெரும்பகுதி அவர் கைவழி வந்தவையே. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் இருக்கிறார், முதல்வர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், தட்டச்சு செய்தவரும் இருக்கிறார். இவர் இல்லை. இவ்வுரைக்காக அதனைப் புரட்டியபோதுதான் கண்டேன்.

2016இல் எங்கள் நூலகத்துக்குக் 'கோஹா' என்னும் மென்பொருள் வந்தது. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் உருவாக்கப்பெற்று, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்து, விலையின்றி உலகெங்கும் பரவியது அது. 'கோஹா' என்பது மாவோரி மொழியில் கொடை எனப் பொருள்படும் சொல். ஒப்பந்த முறையில் வந்த இளைஞர் சிலர் மூன்று மாதங்களில் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டுச் சென்றனர். இழுப்பறைகள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. அம்மையாருக்கு இரண்டு நாள் பயிற்சி. 'எதையாவது தப்பா அமுக்கி எல்லாம் அழிஞ்சு போயிட்டா என்னம்மா பண்றது?' என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கும் விடை தெரியாது. 'பழகிவிடும்' என்றேன். தெரியாதவர் சொல்லும் விடை அதுதானே!

பழகுவதற்கு அவர் கைக்கொண்ட வழி விந்தையானது. அரசு 1999இல் ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையின் படத்தை ஓர் அட்டையில் வரைந்து, வீட்டு அடுக்களையில் மாட்டி வைத்தார். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். இரண்டும் கூடினால் உயிர்மெய். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் தட்டினாலும் அப்படியே. 'இன எழுத்துன்னு நீங்க வகுப்பில சொல்றது இதுதானாம்மா?' என்று ஒருநாள் கேட்டார். இருபது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதி வரும் பாடத்தை அவர் விரல் முனையில் கற்றிருந்தார். நூற்பட்டியலில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. நூற்பெயருக்கு 245, அதன் மாற்று வடிவத்துக்கு 246, ஆசிரியருக்கு 100. இவ்வெண்களைப் பேருந்துத் தட எண்களைப் போல மனப்பாடம் செய்து கொண்டார்.

இனி, ஔவையார் செய்திக்கு வருகிறேன். இளங்கலை மாணவி ஒருத்தி ஔவையார் பற்றிய நூல் வேண்டுமென்று திரையில் தேடினாள். 'முடிவுகள் எவையும் இல்லை' என்று வந்தது. ஔவையார் இல்லாத ஒரு தமிழ் நூலகம்! அம்மையார் எழுந்து சென்று நான்கு நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். 'கம்ப்யூட்டர் இல்லைங்குதே அக்கா' என்றாள் மாணவி. அன்று மாலை நூலகம் பூட்டும் நேரம் கடந்தும் அவர் திரைமுன் அமர்ந்திருந்தார். நூல் எண்ணைக் கொண்டு அப்பதிவைத் திறந்து, பெயரின் பிற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். முதலெழுத்து மட்டும் எஞ்சியது. அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினார். ஔகாரம் முழுவதும் போயிருக்க வேண்டும், போகவில்லை. ளகரம் மட்டும் போய், ஒகரம் நின்றது.

அவைக்கு விளங்கியிருக்கும். தட்டச்சு செய்தவர்கள் ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அருகருகே வைத்திருந்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஒன்று ஓரெழுத்து, மற்றொன்று ஈரெழுத்து. சரியாகத் தட்டிய மாணவிக்கு 'இல்லை' என்னும் விடை. தவறாகத் தட்டுபவர்க்கு மட்டுமே ஔவை காட்சி தருவாள். இவ்வாறே தமிழ் எண்ணாகிய ஏழும் எகரமும் வடிவத்தால் ஒத்தவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்த பதிவுகளும் பின்னர் அகப்பட்டன. துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் இட்ட பதிவுகளோ எண்ணில.

2020இல் ஊரடங்கின்போது நூலகம் பூட்டிக் கிடந்தது. பட்டியல் மட்டும் இணையத்தில் திறந்தே இருந்தது. அம்மையார் தம் மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தமிழ்ப் பிரிவின் முதல் அலமாரி, மேல்தட்டு, இடப்பக்கம் என்று நினைவிலேயே நடக்கத் தொடங்கினார். நினைவுக்கு வந்த ஒவ்வொரு நூலையும் கைப்பேசியில் தேடினார். கிடைக்காதவற்றைக் கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் எழுதினார். நூலகம் திறந்தபோது குறிப்பேடு நிறைந்திருந்தது.

அக்குறிப்பேட்டில் எழுத்துப் பிழையால் மறைந்தவை ஒரு பாதி; பெயர்களால் மறைந்தவை மறுபாதி. புதுமைப்பித்தனைத் தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் கிடைப்பதில்லை. சி. மணி 'வே. மாலி' என்றும் 'செல்வம்' என்றும் எழுதினார் என்பதைக் கணினி எங்ஙனம் அறியும்? பிரமிளோ தம் பெயரை வாழ்நாளெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தவர். தருமு சிவராம், அரூப் சிவராம், பானுசந்திரன் என்று வரும் அனைவரும் ஒருவரே என்று ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கென ஆசிரியர் பெயருக்குத் தனிப் பதிவும், அதில் வேறு பெயர்களை எழுத 400 என்னும் இடமும் மென்பொருளில் உள்ளன. ஒப்பந்தக்காரர்கள் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தனர். அம்மையார் என்னிடம் வந்து பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். எனக்குத் தெரியாத இரண்டு பெயர்களை அவரே எனக்குச் சொன்னார். பழைய சிற்றிதழ்க் கட்டுகளை அடுக்கியபோது பார்த்தவையாம்.

இனி நான் சொல்லப் போவது என்னைப் பற்றியது. 2022இல் இடப் பற்றாக்குறையால் நூல்களைக் கழிவு செய்ய நிர்வாகம் முடிவெடுத்தது. ஐந்தாண்டுகளாக ஒருமுறைகூட வழங்கப்பெறாத நூல்கள் எவை என்று கேட்டால் மென்பொருளே பட்டியல் தந்துவிடும், தந்தது. நாற்பது பக்கங்கள். நூலகக் குழு உறுப்பினர் என்னும் முறையில் என் முன் அது வைக்கப்பெற்றது. வகுப்புக்கு மணியடித்து விட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்திட்டேன். முதற்பக்கத்தைக்கூட நான் படிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அம்மையார் துறைக்கு வந்தார். ஒரு கையில் அப்பட்டியல். மறு கையில் குறிப்பேடு. இரண்டையும் என் மேசைமேல் அருகருகே விரித்தார். குறிப்பேட்டில் கண்ட நூல்கள் பக்கம்தோறும் பட்டியலிலும் இருந்தன. 'திரையில கிடைக்காத புத்தகத்த யாரும்மா கேட்டு வாங்குவாங்க? கேக்கலைன்னு சொல்லித்தான் கழிக்கறாங்க' என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, 'உங்க கையெழுத்தும் இருக்கும்மா' என்றார்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, தம் முப்பத்தொன்றாம் அகவையில், 1924இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அத்தொழிலை அடியிலிருந்து கற்றவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. இவ்விதியைத் தேர்வுக்குப் படித்தவர்கள் அக்குழுவில் இருந்தனர். அதனைக் கடைப்பிடித்தவர் குழுவில் இல்லை.

முதல்வரிடம் சென்று என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். அவர் கடிந்துகொண்டாலும் பணியை நிறுத்தி வைத்தார். ஆனால் முதற் கட்டு முந்தைய நாளே எடைக்குப் போய்விட்டிருந்தது. பழைய தாள் கடைக்கு நானும் அம்மையாரும் ஆட்டோவில் சென்றோம். கடைக்காரர் நல்லவர், கிடங்கைத் திறந்தே காட்டினார். எங்கள் கட்டு அங்கே இல்லை.

கட்டில் இருந்தவை எவை என்று கணினியைக் கேட்கவும் வழியில்லை; கழித்தவுடன் பதிவுகளையும் அழித்துவிட்டனர். பழைய வரவுப் பதிவேட்டைத் தேடி எடுத்து, இருக்கும் எண்களைக் கழித்து, இல்லாதவற்றை அம்மையார் எழுதினார். அவற்றுள் ஒன்று எங்கள் மாவட்டத்துப் பள்ளியாசிரியர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு 1969இல் அச்சிட்ட சிறு கவிதைத் தொகுப்பு. அதன் வேறொரு படி எங்கேனும் உண்டா என்று உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலாகிய 'வேர்ல்டுகேட்'டில் தேட முயன்றோம். நான் தேடினேன்; கிடைக்கவில்லை. அயல்நாட்டு நூலகங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் பெயர்ப்பதற்கு ஒரு முறை வைத்துள்ளன. அது ஒலியை நோக்குவதில்லை, எழுத்துக்கு எழுத்து. ககரம் எங்கு வரினும் 'கே'. 'கங்கை'யின் இரண்டாம் ககரத்துக்கும் 'கே'தான். 'கவிதை'யின் தகரத்துக்கு 'டி' மட்டும். நாம் பழக்கத்தால் சேர்க்கும் 'எச்' கூடாது. ஆங்கிலம் கற்ற எனக்கு ஒலி குறுக்கே நின்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்தே பழகிய அம்மையாருக்கு அக்குறை இல்லை. மூன்றாம் முறை தட்டியதும் நூல் வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் ஒரு படி.

அது அங்கே சென்ற வழியும் அறியத்தக்கதே. பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் நம் நாடு கோதுமை வாங்கியபோது விலையை ரூபாயில் செலுத்தியது. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டு நூலகங்களுக்கு அனுப்பியது. அந்த ஆசிரியரின் கவிதைகள் அவ்வழியில் கப்பலேறியிருக்கலாம் என்பது என் ஊகம். பக்கங்களின் படிமம் வேண்டி எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

கவிஞர்களே, மேசைமேல் வைக்கப்பெற்ற பதினொரு நூல்களுள் ஒன்பது ஏன் திரையில் இல்லை என்று கேட்டேன். இப்போது எழுத்துப் பிழை காரணமன்று. அவற்றை அம்மையார் திருத்திவிட்டார். அந்த ஒன்பதும் பதிவை நிறைவு செய்ய இயலாமல் தனியே எடுத்து வைத்தவை. மூன்றில் வெளியான ஆண்டு இல்லை. ஒன்றில் பதிப்பகத்தின் பெயர் உண்டு, ஊர் இல்லை. இரண்டில் முன்னெழுத்து இல்லாத ஒற்றைப் பெயர். அதே பெயரில் வேறு கவிஞர்களும் பட்டியலில் உள்ளனர், யாருடைய நூலை யாருக்குச் சேர்ப்பது? இன்னொன்றின் அட்டையில் தலைப்பு கொடிபோலப் படர்ந்து கிடக்கிறது, அழகாகவே இருக்கிறது, எந்த எழுத்திலிருந்து படிப்பது என்று எனக்கும் புலப்படவில்லை, உள்ளேயும் அது அச்சிடப்படவில்லை. மற்ற இரண்டையும் பற்றி அவற்றின் ஆசிரியர்களிடம் தனியே பேசுகிறேன்.

1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நூலை வெளியிடுபவர் முப்பது நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் படி அனுப்ப வேண்டும் என்கிறது. சொந்தமாக அச்சிட்ட நாமும் வெளியீட்டாளர்களே. என் ஆய்வு நூலை நான் அனுப்பவில்லை. சென்ற மாதந்தான் அனுப்பினேன்.

அம்மையார் இன்று இவ்வவைக்கு வந்திருக்கிறார். பின்வரிசையில், தூணருகே அமர்ந்திருக்கிறார். அவர் கையில் ஒன்பது தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு நூலின் பெயரும், நிரப்ப வேண்டிய வெற்றிடங்களும் இருக்கும். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு மாதங்கள். உணவு இடைவேளையில் உரியவர்கள் அவரைக் கண்டு, ஆண்டையும் ஊரையும் முழுப் பெயரையும், புனைபெயர்கள் இருப்பின் அவற்றையும், தெளிவான கையெழுத்தில் எழுதித் தருமாறு வேண்டுகிறேன்.