அத்தை வீட்டுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுவது யார்?



கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வெட்டு மரக் கணக்கு என்று பேசியே நமக்குப் பழக்கம். இன்று வீட்டுக்குள் இருக்கும் விஷயம் ஒன்றைப் பேச வந்திருக்கிறோம்.

தாய் காலமாகிவிட்டாள், தகப்பனுக்குச் சிங்கப்பூரில் வேலை, பிள்ளை அத்தையோடு லயத்தில். நமது ஜொகூரில் இது புதுமையல்ல. சோறு போடுவதற்கு எந்தச் சட்டமும் பத்திரம் கேட்பதில்லை. பிள்ளைக்கு வயது பதினான்கு, பதினைந்து ஆகும்போதுதான் சங்கடம் வருகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அத்தை. பத்து வருஷம் வளர்த்தவர். பையன் பந்து விளையாடிக் கையை முறித்துக்கொண்டான். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டார்கள். அத்தை பையிலிருந்து ஒரு சத்தியப் பிரமாணத்தை எடுத்து நீட்டினார். அது செல்லவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் வைத்தியர்கள் காத்திருக்க மாட்டார்கள், இது அப்படியில்லை. தகப்பன் பாலம் தாண்டி வந்து சேரும்வரை பையன் வலியோடு கிடந்தான். அந்தக் காகிதத்தை டைப் அடித்துக் கொடுத்தது யார்? நாங்கள்தான். முத்திரை விழுந்தால் எல்லாம் ஆயிற்று என்று நாங்களும் நம்பியிருந்தோம்.

சத்தியப் பிரமாணம் என்பது நாம் சொல்வது உண்மை என்று நாமே உறுதி கூறுவது. அது யாரையும் பாதுகாவலர் ஆக்காது. மானேஜர் தரும் கடிதமும் அப்படியே.

இஸ்லாமியர் அல்லாத நமக்கு உள்ளது 1961ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாவலர் சட்டம். முன்பு அதில் தகப்பனுக்கே முதலிடம். 1999இல் திருத்தம் வந்து தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை கிடைத்தது. தாய்மார்களே, இதை மனத்தில் வையுங்கள். தகப்பன் கையெழுத்தில்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் தயங்காமல் கேளுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் பாதுகாவலர். தாத்தா, பாட்டி, மாமன், அத்தை எவ்வளவு பாசம் வைத்தாலும் அந்த இடம் தானாக வராது.

பின் என்ன வழி? தகப்பன் உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கையெழுத்து அவருடையதுதான். அவர் எங்கே வேலை செய்கிறார், எந்த டெலிபோன் நம்பர் என்பது அத்தை கையில் எழுத்தில் இருக்கட்டும். சிரிக்கிறீர்கள். அன்று இரவு எங்களுக்கு அந்த நம்பர் கிடைக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

தகப்பனும் இல்லை, அல்லது போனவர் போனவர்தான் என்றால், நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டும். பிள்ளையின் நலமே அங்கே முதல் கணக்கு. யார் பெரியவர், யாருக்குச் சொந்த வீடு என்பதல்ல. உத்தரவு கிடைத்தவருக்குப் பிள்ளையின் பராமரிப்பு, உடல்நலம், படிப்பு எல்லாம் பொறுப்பாகிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்காதீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி இலாகா, குறைந்த வருமானக்காரர்களுக்கு இந்த மனுவையும் கவனிக்கிறது. ஜொகூர் பாருவில் அதற்கு அலுவலகம் உண்டு.

சொந்தப் பிள்ளையாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வேறு வழி, 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளையைத் தொடர்ந்து இரண்டு வருஷமாவது வளர்த்துப் படிக்க வைத்திருக்க வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் மனுச் செய்யலாம். அது தத்து; பாதுகாவலர் உத்தரவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, நம் ஆட்கள் காது கொடுக்காத விஷயம். தாயோ தகப்பனோ, தமக்குப் பின் பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்று உயில் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து பார்க்கக் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைத்தால் அவர் பங்கு போய்விடும். உயில் என்றாலே சாவுப் பேச்சு என்று முகத்தைத் திருப்புகிறோம். பாலெடுக்கப் போகிறவன் மரத்தடியில் பாம்பைப் பார்ப்பதில்லையா?

பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு யாருடன் இருக்க விருப்பம் என்று சொல்லத் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் இப்படிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாளக் கார்டு நகல், இறந்திருந்தால் மரணப் பத்திரம், இவை கையில் இருக்கட்டும். இம்முறை சத்தியப் பிரமாணம் டைப் அடிக்க மாட்டோம். சட்ட உதவி இலாகாவுக்கான விவரங்களை எழுதிக்கொள்கிறோம்.